கொங்கோ நாட்டுத் தந்தச் செங்கோல்

செங்கோல் என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நமது மனக்கண் முன் தோன்றுவோர் நம் பண்டை மன்னரும் ஐரோப்பிய முடியரசருமே ஆவர். ஆப்பிரிக்காவின் மேலைக் கரையில், கொங்கோ ஆறு கடலொடு கலக்கும் நாட்டில் வாழும் கொங்கோ மக்கள், யானைத் தந்தத்திற் செங்கோல் செதுக்கி, ஆட்சியைப் பற்றித் தாம் கொண்டிருந்த கருத்து முழுவதையும் அதன் சிறு முடியில் அடக்கி வைத்தனர் என்பதை அறிந்தார் நம்முள் மிகச் சிலர். ஆப்பிரிக்கருக்குச் சரித்திரமே இல்லையென்று முன்னாளில் வெள்ளையர் எழுதிவைத்தனர். நம்மிற் படித்தோர் சிலரும் அதனையே திருப்பிக் கூறக் கேட்கின்றோம். அன்னார்க்கு இத் தந்தத் துண்டுகளே தக்க விடையாகும்.

போர்த்துக்கேய மாலுமியாகிய டியோகோ காவோ அவ்வாற்றின் முகத்துவாரத்தை 1483ஆம் ஆண்டையொட்டி அடைந்தபொழுது, அங்கே முபன்சா கொங்கோ என்னும் தலைநகரும், மாகாணங்களும், வரி தண்டும் முறையும் உடையதோர் அரசு முன்னரே நிலைபெற்றிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கொங்கோ மன்னர் போர்த்துக்கல் அரசருக்குக் காணிக்கை விடுத்தார். அக் காணிக்கையுள் செதுக்கிய தந்தப் பொருள்களும், பனை நாரால் நெய்த நேர்த்தியான துணிகளும் இருந்தனவென்று போர்த்துக்கேய நாளாகமம் கூறுகின்றது. அக்காலத்துத் தந்தக் கொம்பு வாத்தியங்கள் சில இன்றும் எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் இருக்கின்றது; மெடிச்சி குடும்பத்தாரின் 1553ஆம் ஆண்டுப் பொருட்பட்டியலில் அது இடம்பெற்றுளது. கொம்பைச் சுற்றிப் பின்னிப் பிணைந்தோடும் கோடுகள் அந்நாட்டு நார்த்துணியின் நெசவுக் கோலங்களே யாகும். நெய்பவன் கையிற் பிறந்த கணக்கைச் செதுக்குபவன் தந்தத்திற் பதித்தான் என்க. அரசர் எழுந்தருளும்போதும், போருக்குப் புறப்படும்போதும், தலைவர் இறந்து அடக்கஞ் செய்யப்படும்போதும் இத்தகைய கொம்புகள் ஊதப்பட்டன.

கொம்பினும் நமது கருத்தைக் கவர்வது கோலேயாம். முவாலா என்பது அதன் பெயர். மரத்தாலாய தண்டின் மேல் தந்தத்தாற் செதுக்கிய முடி பொருத்தப்பெறும். இன்று நூதனசாலைகளிற் காணப்படுவனவற்றுள் பெரும்பாலன 19ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை. தலைவன் சம்மணமிட்டு அமர்ந்திருக்கின்றான். அவன் தலையில் முப்பு என்னும் பின்னற் குல்லாய். உண்மைக் குல்லாயில் சிறுத்தையின் நகங்கள் கோக்கப்பட்டிருக்கும். வாயில் ஒரு தண்டினைக் கடித்துக்கொண்டிருக்கின்றான். இஃதென்ன, கரும்போ என வினவத் தோன்றும். முன்குவிசா என்னும் செடியின் தண்டு அது. பட்டமேற்ற தலைவர்க்கே உரிய அடையாளம். வேறு சில கோல்களில் தலைவன் இருக்கவேண்டிய இடத்தில் பெண்ணொருத்தி மண்டியிட்டோ மகவை ஏந்தியோ இருக்கக் காண்கின்றோம். கொங்கோ மக்களிடையே குடியுரிமையும் பட்டமும் தாய்வழியே செல்வன. மாமனுக்குப்பின் மருமகன் வருவன். ஆதலால், தலைவனைத் தலைவனாக்குபவள் எவள் என்பதைச் சிற்பி மறவாது காட்டினான்.

யானைத் தந்தத்தைத் தேர்ந்தமைக்கும் காரணம் உண்டு. யானை காட்டின் பெருவலி. வீழ்த்தப்பட்ட யானையின் தந்தங்களுள் ஒன்று அந்நிலத்துத் தலைவனுக்குச் சேரவேண்டுமென்பது நடு ஆப்பிரிக்காவிற் பல இடங்களில் வழங்கிய விதி. அன்றியும், கொங்கோ மக்களின் எண்ணத்தில் வெண்மை இறந்தோர் உலகின் நிறம். நீருக்கு அப்பாலுள்ள அவ்வுலகில் முன்னோர் வெண்ணிறத்தராய் வாழ்கின்றனர் என்பது அவர் கொள்கை. கடல்வழி வந்த வெள்ளையரை முதலில் அவ்வுலகத்தாராகவே கருதினர்போலும் என்று ஆராய்ச்சியாளர் சொல்வதும் இது பற்றியே. வெண்தந்தக் கோலைப் பிடித்தவன் முன்னோரின் கையைப் பிடித்தவனாவான். கோலின் முடியிற் சிறு குழியிட்டு மந்திரப் பொருள்களை வைத்துப் பிசினால் அடைத்தலும் உண்டு. முன்னோரின் நகமும் மயிரும் அடங்கிய பேழையோடு இச் சின்னங்களையும் பேணிவைத்து, புதியவன் பட்டமேற்கும் நாளில் வெளியே எடுத்தனர். தலைவன் தான் செல்லாதவிடத்துத் தூதன் வசம் கோலை விடுப்பான். கோல் கண்டாரே தூதின் வாய்மையை ஏற்பர்.

இவற்றைப் போற்றுமிடத்து ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. பல கோல்களில் தலைவனின் காலடியில் கைகள் கட்டுண்ட கைதி ஒருவன் கிடக்கின்றான். ஆளும் வன்மை கொல்லும் வன்மையுமாகும் என்பதைச் சிற்பி அப்பட்டமாகவே செதுக்கினான். அக்கட்டுண்ட கைதியை அடிமை வாணிபத்தோடு சேர்த்தே நாம் நோக்கல் வேண்டும். முதலாம் அபோன்சோ மன்னர் 1526ஆம் ஆண்டிலேயே போர்த்துக்கல் அரசருக்கு எழுதிய கடிதங்களில், வணிகர் தம் குடிமக்களையும், பெருங்குடிப் பிறந்தாரையும், தம் சுற்றத்தாரையுங்கூடக் கவர்ந்து செல்கின்றனர் என்று முறையிட்டார். வாணிபம் நிற்கவில்லை. 1665ஆம் ஆண்டு முப்விலாப் போரில் முதலாம் அந்தோணியோ மன்னர் போர்த்துக்கேயரால் கொல்லப்பட, உள்நாட்டுப் பூசலில் அரசு சிதறியது. அதன்பின் கரையோரத்தில் மனிதரை விற்ற பொருள்கொண்டு பட்டம் பெற்ற தலைவர்களும் எழுந்தனர். முன்னோரின் பெயரால் அவர் ஏந்திய கோலும் இதே தந்தக்கோல்தான்.

அதே 19ஆம் நூற்றாண்டில் லோவாங்கோக் கரையில் வேறொரு தந்த வேலை தோன்றியது. ஐரோப்பிய வணிகர் வாங்கிச் செல்வதற்கென்றே முழுத்தந்தத்தில் அடிமுதல் நுனிவரை சுருள் சுருளாக உருவங்கள் செதுக்கப்பட்டன. தொப்பியணிந்த வெள்ளையர், பாரஞ் சுமப்போர், கழுத்திற் பிணிக்கப்பட்டு வரிசையாகச் செல்லும் அடிமைகள் ஆகியோரை அவற்றிற் காணலாம். வாங்குவோன் அழகுப்பொருளென்றே வாங்கினான். செதுக்கினவனோ தான் கண்டதைச் சாட்சியாக எழுதிக் கொடுத்தான் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு 1885 முதல் 1908 வரை கொங்கோ ஆற்று நாட்டைத் தம் சொந்த உடைமையாக ஆண்டார். தலைவர்க்குரிய தந்தம் கூலியற்ற சுமையாளர் தோளேறி ஆன்ட்வெர்ப் சந்தைக்குச் சென்றது. பியானோக் கட்டைகளும் பில்லியர்ட்ஸ் பந்துகளும் ஆயிற்று. தந்தத்தையடுத்து ரப்பர் வந்தது. காட்டுக் கொடியின் பாலைக் குறித்த அளவு கொணராதார் சவுக்கடியும் சிறையும் பட்டனர். கை வெட்டுண்டாரும் உளர். மலாயாத் தோட்டங்களில் நம்மவர் சீவிய ரப்பர் உலகச் சந்தையை நிரப்பி விலை வீழ்ந்த பின்னரே அக்காட்டு ரப்பர் வாணிபம் ஓய்ந்தது என்பதை ஈண்டுக் குறித்தல் தகும்.

கோல்களுட் பல அக்காலத்தில் பெல்ஜியத்தின் தெர்வூரன் முதலிய நூதனசாலைகளைச் சேர்ந்தன. பாதிரிமார் பெற்றனவும், அதிகாரிகள் பறித்தனவும், வறுமையால் விற்கப்பட்டனவும் அவற்றுட் கலந்துள. முபன்சா கொங்கோ 2017ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது; இன்று அது அங்கோலாவின் வட பகுதியில் உள்ளது. கொங்கோ மக்களோ அங்கோலா, இரண்டு கொங்கோ நாடுகள் என மூன்று குடியரசுகளிற் பிரிந்து வாழ்கின்றனர். குடியேற்றக் காலத்துப் பொருள்களைத் திருப்பித் தருதற்கு வழிசெய்யும் சட்டமொன்றைப் பெல்ஜியம் 2022ஆம் ஆண்டில் இயற்றியது. அச்சட்டம் ஓர் அரசு மற்றோர் அரசுக்குப் பொருளைக் கொடுப்பதைப் பற்றியே பேசுகின்றது. தாய்வழிக் குடியொன்றின் பேழையிலிருந்து போன கோல், கின்ஷாசாவின் நூதனசாலைக்குச் செல்லவேண்டுமா, அக்குடியின் மருமக்கள் கைக்கே செல்லவேண்டுமா என்னும் வழக்கை அது தீர்த்துவைக்கவில்லை.