ஸ்மைல் பண்ணா போதுமா? புன்னகை எங்கே கைகொடுக்கும், எங்கே சொதப்பும்?

"நல்லா ஸ்மைல் பண்ணுங்க, பாதி வேலை முடிஞ்ச மாதிரி!" இன்டர்வியூவுக்குக் கிளம்பும் பலருக்கும் கிடைக்கும் அட்வைஸ் இது. ஒரு புன்னகைக்கு உண்மையிலேயே அவ்வளவு சக்தி இருக்கிறதா?

உண்மையான சிரிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

உதட்டோரங்களை மேலே இழுக்கும் தசையை நாம் நினைத்தபோது அசைக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசையோ மனசுக்குள் மகிழ்ச்சி இருந்தால்தான் சுருங்கும் என்று 1862-ல் எழுதினார் பிரெஞ்சு மருத்துவர் டுஷேன். கண்ணோரம் சுருங்கும் சிரிப்புக்கு 'டுஷேன் புன்னகை' என்ற பெயர் வந்தது இதனால்தான். ஆனால், பலரால் அதையும் நடிக்க முடியும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. எனவே கண்ணை மட்டும் பார்த்து யாரையும் எடைபோட்டுவிட வேண்டாம்.

போனில் சிரித்தால் தெரியுமா?

தெரியும். சிரிக்கும்போது உதடுகள் பக்கவாட்டில் இழுபடும். அதனால் குரலின் தன்மை மாறும். முகத்தைப் பார்க்காமலே கேட்பவர்கள் இதைக் கண்டுகொள்கிறார்கள் என்று 1980-லேயே ஓர் ஆய்வு வெளியானது. கேமரா ஆஃபில் இருக்கும் மீட்டிங்குக்கும் இது பொருந்தும்.

சிரித்தால் மனசு லேசாகுமா?

பேனாவைப் பல்லால் கடித்துக்கொண்டு கார்ட்டூன் பார்த்தவர்களுக்கு அது கூடுதல் வேடிக்கையாக இருந்தது என்றது 1988-ல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு. 2016-ல் 17 ஆய்வுக்கூடங்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. பிறகு 19 நாடுகளில் 3,878 பேரிடம் நடந்து, 2022-ல் வெளியான ஆய்வில், சிரிக்கும் முகங்களைப் பார்த்து அதேபோல் செய்தவர்களுக்கு மகிழ்ச்சி சற்றுக் கூடியது. பலன் இருக்கு, ஆனா சின்னதுதான். மனச்சோர்வுக்கு இது மருந்தல்ல.

மெயிலில் ஸ்மைலி போடலாமா?

முன்பின் தெரியாதவர் என்றால் வேண்டாம். 2017-ல் வெளியான ஆய்வில், அலுவலக மெயிலில் ஸ்மைலி போட்டவர்கள் அன்பானவர்களாகத் தெரியவில்லை. திறமை குறைந்தவர்களாகத்தான் தெரிந்தார்கள். பழகிய டீம் குரூப்பில் போட்டால் பிரச்சினை இல்லை.

எப்போதும் சிரித்த முகமாகவே இருக்கணுமா?

அதற்கு ஒரு விலை உண்டு. விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்ட், 1983-ல் இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்தார். உள்ளே எரிச்சலை அடக்கிக்கொண்டு வெளியே சிரிப்பதும் வேலைதான், அதுவும் களைப்பைத் தரும். இப்படி நடிப்பதற்கும் பணிச்சோர்வுக்கும் தொடர்பு இருப்பதைப் பின்னர் வந்த பல ஆய்வுகளும் சொல்கின்றன. கால் சென்டரிலும் கவுன்ட்டரிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

அப்போ என்ன செய்யலாம்?

முதல் சந்திப்பிலும், நன்றி சொல்லும்போதும் தயங்காமல் சிரியுங்கள். எதிரில் இருப்பவர் குறை சொல்லும்போது முதலில் காது கொடுங்கள். அந்த நேரத்துச் சிரிப்பு கிண்டலாகத் தெரியும். நீங்கள் டீம் லீடா? கோபமான வாடிக்கையாளரிடம் பேசி முடித்தவரிடம் "சிரிங்க" என்று சொல்லாதீர்கள். அடுத்த அழைப்புக்கு முன் ஐந்து நிமிடம் பிரேக் கொடுங்கள்.