உருளை ஏன் ஏனாத்தூருக்கு இறங்கி வரலை?

உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டைப் பத்திப் பதிவு போடாத காஞ்சிபுரத்துக்காரன் கிடையாது. பயப்படாதீங்க, தேர்தல் முறையை நான் திரும்ப எழுதப் போறதில்லை. எனக்கு அதுல பிடிச்சது தோட்ட வாரியம். முதலாம் பராந்தகன் காலத்துல, 919, 921-ல் வெட்டின கல்வெட்டு. ஏரியைக் கவனிக்க 6 பேர், தோட்டத்தைக் கவனிக்க 12 பேர். அந்த 12 பேர்ல ஒருத்தர்கூட உருளைக்கிழங்கைக் கண்ணால பார்த்திருக்க முடியாது. அது அப்போ தென் அமெரிக்காவுல, ஆண்டிஸ் மலையில இருந்தது.

நம்ம வீட்டுத் திவசச் சமையலும் இதுக்குச் சாட்சி. வாழைக்காய் உண்டு, சேம்பு உண்டு, உருளை கிடையாது. பல வீடுகள்ல இன்னும் அது 'இங்கிலீஷ் காய்'தான். (மறுநாள் பொடிமாஸ் பண்ணிச் சாப்பிடலாம், தப்பில்லை :-))

சரி, வந்தது வந்தாச்சு. மிளகாயும் வேர்க்கடலையும்கூட அமெரிக்கக் கண்டங்கள்லேர்ந்து வந்தவைதான். அதுங்க நம்ம கொல்லையில சொந்தக்காரங்க மாதிரி உட்கார்ந்துடுச்சு. உருளை மட்டும் ஏன் உட்காரலை?

காரணம் ராத்திரிதான். செடி எவ்வளவு பச்சையா இருந்தாலும், ராத்திரி வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருந்தாத்தான் மண்ணுக்குள்ள கிழங்கு நல்லாப் பிடிக்கும். ஏனாத்தூர்ல மார்கழி ராத்திரிகூட அந்த 20-ஐ ஒட்டித்தான் நிக்கும். பயிருக்கு மூணு மாசமாவது வேணும். ஐப்பசி கார்த்திகையில நட்டா அடைமழையில விதைக்கிழங்கு அழுகும். மழை விட்டு நட்டா கிழங்கு பருக்கிற நேரத்துல மாசி வெயில் வந்துடும். அதனால தழை கிடைக்கும், கோலிக்குண்டு சைஸ்ல கிழங்கு கிடைக்கும். உரத்தைக் கொட்டினா தழைதான் இன்னும் கூடும்.

இங்கிலாந்துல வீட்டுத் தோட்டம் இல்லாதவங்களுக்கு ஊராட்சி வாடகைக்குத் துண்டு நிலம் தரும். வழக்கமான அளவு சுமார் 250 சதுர மீட்டர், நம்ம கணக்குல ஆறேகால் சென்ட். இரண்டாம் உலகப்போர்ல அரசாங்கமே தோண்டுங்க, நடுங்கன்னு பிரசாரம் பண்ணப்போ, அந்தத் துண்டுகள்ல முக்கியமான பயிர் உருளைதான். அந்த ஊர்க் குளிர் அதுக்கு வாகு.

அந்தக் குளிரைத் தமிழ்நாட்டுல தேடினவர் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். 1819-ல் நீலகிரி ஏறினார். 1820-கள்ல மலையில ஐரோப்பியக் காய்கறிகளை நட்டார். அதுக்கப்புறம் நடந்ததுக்குப் பேரை முழுக்க அவருக்கே கொடுத்துடறாங்க. அது எனக்கு உடன்பாடில்லை. ராகியும் சாமையும் போட்டுக்கிட்டிருந்த படுகர்கள்தான் உருளையைக் கையில எடுத்து அந்த மலையோட பணப்பயிரா ஆக்கினாங்க. துரை நட்டது ஒரு தோட்டம், இவங்க நட்டது ஒரு மலை.

பயிர் போன இடத்துக்கெல்லாம் நோயும் போச்சு. 1845-ல் அயர்லாந்துல பின்கருகல் நோய் வந்தது. ஏழைகள் பெரும்பாலும் ஒரே ரகத்தைத்தான் நட்டிருந்தாங்க. அந்தப் பஞ்சத்துல சுமார் 10 லட்சம் பேர் செத்தாங்க. அதே நோயை இந்தியாவுல முதல்ல பார்த்தது நீலகிரியிலதான், 1870-80 வாக்குல.

அதைவிட மோசமானது 1961-ல் தெரிய வந்தது. ஜோன்ஸ்னு ஒரு ஆய்வாளர் ஊட்டி மண்ணுல தங்க நூற்புழுவைக் கண்டுபிடிச்சார். வேரைப் பிடிச்சு உறிஞ்சும். பெண்புழு செத்ததும் அதோட உடம்பே கடுகைவிடச் சின்ன கூடா மாறும். உள்ளே நூத்துக்கணக்குல முட்டை. உருளை வேரோட வாடை வர்ற வரைக்கும் அது 20 வருஷம்கூட மண்ணுல காத்திருக்கும். ஐரோப்பாவுலேர்ந்து வந்த விதைக்கிழங்கோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம்னு கருதறாங்க.

விளைவு, நீலகிரியிலேர்ந்து விதைக்கிழங்கு வெளியே போகக்கூடாதுன்னு தடை. சாப்பிடற கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கலாம், விதை இறங்கக்கூடாது. குளிர்ந்த மலையில அசுவினி குறைவு, அதனால வைரஸ் நோயும் குறைவு. விதைக்கு மலைதான் சிறந்த இடம்னு இருந்த நினைப்புக்கே இது அடி.

ஊட்டி முத்தோரையில 1957-லேர்ந்தே மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. இந்தப் புழுவைத் தாங்கற குஃப்ரி ஸ்வர்ணா ரகம் 1985-ல் வந்தது. ஆனா ரகம் மட்டும் போதாது. அதே நிலத்துல வருஷா வருஷம் உருளையே போடாம, நடுவுல கேரட், முட்டைக்கோஸ், பூண்டுன்னு மாத்தணும். நல்ல விலை வர்ற வருஷத்துல உருளையை விட்டுட்டுக் கோஸ் போடுன்னு ஒரு விவசாயிகிட்ட சொல்றது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ விதை வர்ற திசையே மாறிப்போச்சு. பஞ்சாப் சமவெளியில அசுவினி குறைவா இருக்கிற அக்டோபர்ல நட்டு, அது பெருகறதுக்குள்ள தழையை வெட்டிட்டு, கிழங்கை மண்ணுக்குள்ளயே முத்த விட்டு எடுக்கிறாங்க. கர்நாடகா ஹாசன் விவசாயிங்க ஜலந்தர்லேர்ந்துதான் விதை வரவழைக்கிறாங்க. 2018-ல் இமாச்சல், ஜம்மு காஷ்மீர், உத்தராகண்ட் விதைக்கும் இதே புழுவால தடை வந்தது.

மாடித்தோட்டம் போடற பதிவர்கள் நிறைய பேர் இருக்கீங்க. ஊட்டி டூர் போயிட்டு மண்ணோட கிழங்கு வாங்கி வந்தா சமைச்சுச் சாப்பிடுங்க, தொட்டியில நடாதீங்க. கழுவின தண்ணியையும் செடிக்கு ஊத்த வேண்டாம்.