ஆகாயக் கப்பலுக்கும் கூரை வேண்டும்



1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தோட்டங்களுக்கு மேலே பறந்த ஆகாயக் கப்பல்களை நம் பெரியவங்க அண்ணாந்து பார்த்தாங்க. காட்டுக்குள் இருந்தவர்களைச் சரணடையச் சொல்லி ஒலிபெருக்கியில் பேசிய டக்கோட்டா விமானங்களும் அவற்றுள் உண்டு.

1958இல் நம் விமானப்படை பிறந்தது. அதன் முதல் விமானம், ஸ்காட்லாந்தில் செய்த 'டுவின் பயனியர்'. இரண்டு இயந்திரம், மூன்று வால் துடுப்பு. காட்டோரத்துக் குறுகிய ஓடுபாதையிலும் இறங்கும். துங்கு அப்துல் ரஹ்மான் அதற்கு 'லாங் ராஜாவாலி' என்று பெயர் சூட்டினார். இவ்வினத்து விமானம் ஒன்று பின்னாளில் கோலாலம்பூர் சுங்கை பீசி விமானப்படை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. 2018இல் அந்தத் தளமே மூடப்பட்டது. இடம் மாறினாலும் பழைய விமானம் பிழைக்க வேண்டுமே!

பறக்கிற விமானத்தை நாள்தோறும் கவனிப்பார்கள். நின்றுபோன விமானத்துக்குத்தான் ஆபத்து. அலுமினியம் இரும்பைப் போல் சிவந்து துருப்பிடிக்காது. வெள்ளைப் பொடியாக அரிக்கும். மழைநீர் தேங்கும், குருவி கூடு கட்டும், ரப்பர் வெடிக்கும். மேலே புதுச் சாயம் அடித்தால் போதுமா? போதாது. கூரை போட வேண்டும். நீரை வடிக்க வேண்டும். அரித்த இடத்தைச் சுரண்டிக் காப்புப் பூச்சுப் பூச வேண்டும். எது பழைய உறுப்பு, எது மாற்றியது என்று எழுதியும் வைக்க வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு எது அசல் என்று யாருக்குத் தெரியும்?

நம் வீட்டுப் பால் வாளிக்கும் பால்வெட்டுக் கத்திக்கும் இதே நியாயம்தான். பழசு என்று தூக்கி எறியாதீங்க. துடைத்து வையுங்கள், தாத்தா பாட்டி சொல்வதை எழுதி வையுங்கள். அதுவும் வரலாறுதான்!