வெருகலாற்றுக்கு அப்பால் ஒரு செம்பு நிலம்

மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று நோக்குவார்க்கு மணலும் சேறுமே புலப்படும். அவற்றின் அடியிலே ஏறத்தாழ நூறு கோடி ஆண்டு முதுமையுடைய நைசுப் பாறை பரந்து கிடக்கின்றது. புவியியலார் அதனை விசயன் தொகுதி என்பர். மேற்கே மலைநாட்டைத் தாங்கும் உயர்நிலத் தொகுதி இன்னும் தொன்மையானது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானாப் பெருங்கண்டம் உருவான காலத்தில், இவ்விரு நிலங்களும் மோதி ஒன்றாயின. அம்மோதலின் தழும்பு இன்றும் கிழக்கிலங்கையின் பாறைகளிற் காணப்படுகின்றது.

அத்தழும்பை அடுத்தே செம்பும் கிடைத்தது. வாவிக்கு வடக்கே, வெருகலாற்றைக் கடந்தால் வருவது கொட்டியாரப் பகுதி. அங்கே சேருவிலைக்கு அண்மையில் அரிப்பு என்னும் ஊர் உளது. இலங்கையின் கனிப்பொருளாய்வுக்கு 1903 முதல் 1906 வரை தலைமை தாங்கிய ஆனந்த குமாரசுவாமி, 1904ஆம் ஆண்டிலேயே தோரியனைற்று என்னும் அரிய கனிப்பொருளை உலகுக்கு அறிவித்தார். ஆயின் அரிப்பின் செம்புத்தாது புவிச்சரிதவியல் திணைக்களத்தாரின் கண்ணுக்குப் பட்டது 1971இலேதான்.

அங்கே கரிய காந்தக்கல்லும், பித்தளை நிறமுடைய கல்கோபைரைற்றும் கலந்து கிடக்கின்றன. பின்னது செம்பு, இரும்பு, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. தூய நிலையில் அதன் எடையில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல் செம்பாகும். காந்தக்கல்லோ மண்ணுள் மறைந்திருந்தும் காந்தமானியின் முள்ளை அசைத்துத் தன்னிருப்பைக் காட்டிக்கொடுக்கும். ஆதலின் இத்தகைய தாதினைத் தேடுவோர்க்கு அதுவே வழிகாட்டி.

ஆனால், 1971இல் நாம் கண்டது முதற்கண்டுபிடிப்புத்தானா? தொல்லியலாளர் சுதர்சன் செனவிரத்ன 1990களில் சேருவிலைத் தாதினை இவ்வட்டாரத்தின் பண்டைக் குடியேற்றங்களோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்தார். ஆற்றின் தென்புறத்தே, மட்டக்களப்பு மாவட்டத்துக் கதிரவெளியில், பெருங்கற்காலத்தார் ஈமக் கற்பதுக்கைகளை விட்டுச் சென்றனர். வெருகலாறு நமக்கு மாவட்ட எல்லை. அம்மக்களுக்கு அது எல்லையாயிருந்திருக்க வேண்டியதில்லை. நாம் கருவிகொண்டு தேடியதை அவர்கள் முன்னரே கண்ணாற் கண்டிருத்தல் கூடும்.

கண்டறிந்த பன்னிரண்டாண்டில், 1983இல், போர் மூண்டது; 2009 வரை இந்நிலத்தில் அமைதியில்லை. இனிச் சுரங்கம் அகழ எண்ணுவோர் ஒன்றை மறத்தலாகாது. கந்தகத் தாது காற்றும் நீரும் பட்டால் அமிலத்தைப் பிறப்பிக்கும். தாதின் கழிவைக் காவாது விட்டால் அது வயலுக்கும் களப்புக்கும் பரவும். நெல்லும் மீனும் ஆண்டுதோறும் விளைவன; செம்பு ஒருமுறை எடுத்தால் தீர்ந்துவிடும். தீர்ந்துபோகும் செல்வத்துக்காகத் தீராத செல்வத்தை இழத்தல் அறிவுடைமையாகுமா? நேயர்களே, இக்கேள்விக்கு விடைகண்ட பின்னரே மண்ணில் முதற்குழி தோண்டப்படவேண்டும்.