எட்மண்டன் கூரைகளில் செய்மதி இணையம்: உரையாடல் ஏன் அறுந்து போகிறது?

வடக்கு லண்டனில், என்ஃபீல்ட் நகரசபையின் எல்லைக்குள் இருக்கும் எட்மண்டனில், கூரைகளைப் பார்த்துக்கொண்டு நடப்பவருக்கு இரண்டு காலகட்டங்கள் தெரியும். தமிழ்த் தொலைக்காட்சிக்காகவோ வேறு அலைவரிசைகளுக்காகவோ பொருத்தப்பட்ட வட்டமான டிஷ்கள் தென்கிழக்கையோ தெற்கையோ நோக்கி நிற்கின்றன. அவற்றில் பல இன்று பயன்பாட்டில் இல்லை. அவற்றுக்கு நேர் எதிராக, வடக்கு வானத்தை நோக்கிச் சற்றே சாய்ந்த தட்டையான வெள்ளைப் பலகைகளும் இப்போது ஆங்காங்கே காணப்படுகின்றன. இவை இணையத்துக்கானவை.

செய்மதி, அதாவது தமிழகத்தில் செயற்கைக்கோள் என்று வழங்கப்படுவது, வழியாக வீட்டுக்கு இணையம் பெறுபவர்களிடமிருந்து எழும் முறைப்பாடு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. வேகத்தைச் சோதித்தால் 150, 200 மெகாபிட் என்று காட்டுகிறது. ஆனால் யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருக்கும் தாயுடன் வீடியோவில் பேசத் தொடங்கினால் முகம் உறைந்து நிற்கிறது, சொல் பாதியில் அறுகிறது. ஒரு வீடியோ உரையாடலுக்கு இரண்டு மூன்று மெகாபிட் வேகம் போதும். ஆகவே பிரச்சினை வேகத்தில் இல்லை. தொடர்ச்சியில்தான் இருக்கிறது. இதை உணராமல் ரவுட்டரை மாற்றுவதும், கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுவதும் வீண் செலவாகவே முடிகின்றன.

தூரத்தின் கணக்கு

பழைய வகைச் செய்மதி இணையம், பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியுடன் சேர்ந்து சுழலும் செய்மதிகளைச் சார்ந்தது. இத்தகைய செய்மதிகளை உலகத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என 1945ஆம் ஆண்டு விரிவாக எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பின்னர் அவர் இலங்கையில் குடியேறி, 2008இல் கொழும்பில் காலமானார். அவர் சொன்ன உயரத்தில் ஒரு நன்மை உண்டு: டிஷ்ஷை ஒருமுறை சரியான திசையில் பூட்டிவிட்டால் போதும். தீமையும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. ஒரு கேள்வி மேலே போய் இறங்கி, அதற்கான பதில் மீண்டும் மேலே போய் இறங்க, ஒளியின் வேகத்தில் சென்றாலும் ஏறத்தாழ அரை வினாடி ஆகிறது. நடைமுறையில் இது 600 மில்லி வினாடியைத் தாண்டுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, பின் ஒரே நேரத்தில் மௌனமாவதற்கு இதுவே காரணம். இதற்கு வீட்டில் செய்யக்கூடிய பரிகாரம் எதுவும் இல்லை.

ஸ்டார்லிங்க் நிறுவனத்தின் செய்மதிகள் சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால், இந்தத் தாமதம் பெரும்பாலும் 25 முதல் 60 மில்லி வினாடிக்குள் அடங்குகிறது. ஆனால் அவ்வளவு தாழ்வாகச் சுற்றும் எந்தச் செய்மதியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. சில நிமிடங்களில் ஒன்று மறைய, மற்றொன்று வருகிறது. எந்தச் செய்மதியுடன் பேசுவது என்ற ஒதுக்கீடு 15 வினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. எனவே வானத்தின் ஒரு புள்ளி திறந்திருந்தால் போதாது, ஒரு பெரும் பரப்பே திறந்திருக்க வேண்டும். தொலைக்காட்சி டிஷ் பொருத்தி அனுபவமுள்ள பலர் இங்குதான் தவறுகிறார்கள். பிரித்தானியாவில் ஸ்கை தொலைக்காட்சிக்கான டிஷ் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து சுமார் 25 பாகை உயரத்தில், ஒரே புள்ளியை நோக்கினால் போதும். அந்தப் பழைய தாங்கியிலேயே புதிய பலகையை மாட்டினால் அது வீட்டின் தவறான பக்கத்தில் நிற்கும்; அதன் வடக்குப் பார்வையை வீட்டின் கூரையே மறைத்துவிடும்.

மரமும் பருவமும்

எட்மண்டனின் பெரும்பகுதி தொடர்வரிசை வீடுகளால் ஆனது. பின்தோட்டங்கள் சிறியவை, அடுத்த வரிசை வீடுகளின் கூரையும் புகைபோக்கியும் அருகிலேயே எழுகின்றன, தெருக்களில் நகரசபையின் மரங்கள் நிற்கின்றன. பின்தோட்டத்தின் புல்தரையில் பலகையை வைத்துவிட்டு வானம் தெரிகிறது என்று திருப்திப்படுபவர், கண்ணுக்குத் தெரியும் வானத்தையும் பலகைக்குத் தேவையான வானத்தையும் ஒன்றாக எண்ணுகிறார். ஒரு மரக்கிளை, பார்வைப் பரப்பில் மிகச் சிறு பங்கை மறைத்தாலும், செய்மதி அதன் பின்னால் செல்லும் ஒவ்வொரு முறையும் சில வினாடிகள் இணைப்பு அறும். இணையப் பக்கம் வாசிப்பவருக்கு இது தெரியாது. திரைப்படம் பார்ப்பவருக்கும் தெரியாது, ஏனெனில் படம் முன்கூட்டியே சேமிக்கப்படுகிறது. பேசிக்கொண்டிருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

இன்னொரு மயக்கம் பருவத்தால் வருவது. டிசம்பரில், மரங்கள் இலையுதிர்த்து நிற்கும்போது பொருத்தப்பட்ட இணைப்பு மார்ச் வரை குறையின்றி இயங்கும். மே மாதத்தில் அறுபடத் தொடங்கும். வாடிக்கையாளர் நிறுவனத்தைக் குறை கூறுவார். ஆனால் நடந்திருப்பது இலை துளிர்த்ததுதான். ஈர இலை உலர்ந்த இலையை விடக் கூடுதலாக அலையை உறிஞ்சும் என்பதால், மழைக்குப் பின் நிலைமை இன்னும் மோசமாகும். எனவே குளிர்காலத்தில் இடம் தேர்ந்தெடுப்பவர்கள், இலை நிறைந்த மரத்தை மனத்தில் வைத்தே பார்க்க வேண்டும்.

நிறுவனத்தின் கைப்பேசிச் செயலியில் கேமரா மூலம் வானத்தை அளந்து தடைகளைக் காட்டும் வசதி உள்ளது. பொருத்திய பின்னரும், பல மணி நேரம் இயங்கவிட்டால், எந்தத் திசையில் மறைப்பு இருக்கிறது என்பதைச் செயலி ஒரு படமாகவே காட்டும். முறைப்பாடு செய்வதற்கு முன் பார்க்க வேண்டியது இந்தப் படத்தைத்தான். மறைப்பு இருந்தால் பலகையை உயர்த்துவதே தீர்வு. சில வேளைகளில் இரண்டு மீட்டர் உயரம் போதுமானதாக இருக்கும். மரத்தை வெட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் அவதானமாக இருக்க வேண்டும். தெருமரம் நகரசபையின் உடைமை. சொந்தத் தோட்டத்து மரமாக இருந்தாலும், அதற்குப் பாதுகாப்பு ஆணை இருந்தால் அனுமதியின்றி வெட்டுவது குற்றம்.

லொஃப்ட்டுக்குள் ஓட்டின் கீழே பலகையை ஒளித்து வைப்பதும் பயன் தராது. ஓடும் மரச்சட்டமும் அலையைப் பெருமளவு விழுங்கிவிடும்.

கூரையில் எத்தனை டிஷ்கள் இருக்கலாம்?

இங்கிலாந்தின் திட்டமிடல் விதிகளின்படி, தனி வீடொன்றில் விண்ணப்பம் இன்றி இரண்டு அன்டெனாக்கள் வரை பொருத்தலாம். இரண்டு இருந்தால் ஒன்று 100 சென்டிமீட்டருக்கும் மற்றொன்று 60 சென்டிமீட்டருக்கும் மேற்படக் கூடாது. ஸ்டார்லிங்க்கின் வழக்கமான பலகையின் நீளம் 59.4 சென்டிமீட்டர். ஆனால் பல தமிழ் வீடுகளில் ஏற்கெனவே இரண்டு தொலைக்காட்சி டிஷ்கள் இருக்கின்றன. அவை இயங்காவிட்டாலும் எண்ணிக்கையில் சேரும். பயன்பாடு முடிந்த அன்டெனாவை விரைவில் அகற்ற வேண்டும் என்பதும் அதே விதிகளின் நிபந்தனை. ஆகவே முதல் வேலை, ஏணி வைத்துப் பழையதைக் கழற்றுவது.

எட்மண்டனில் சர்ச் ஸ்ட்ரீட், ஃபோர் ஸ்ட்ரீட் ஆகியவற்றின் சில பகுதிகள் மரபுப் பாதுகாப்புப் பகுதிகளாக உள்ளன. அங்கே தெருவை நோக்கிய, தெருவிலிருந்து தெரியும் சுவரிலோ கூரையிலோ புகைபோக்கியிலோ பொருத்த அனுமதி தேவை. தொடர்வரிசை வீடுகளில் புகைபோக்கி பெரும்பாலும் அயலவருடன் பொதுவானது என்பதையும் மறக்கலாகாது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு உரிமையாளரின் சம்மதம் தனியாக வேண்டும். எட்மண்டன் கிரீன் வணிக வளாகத்தின் மேல் நிற்கும் மூன்று கோபுரங்களைப் போன்ற அடுக்குமாடிகளில், தெற்கு நோக்கிய பால்கனி உள்ளவர் இந்த முயற்சியையே கைவிடுவது நல்லது.

வீட்டுக்குள் இருக்கும் குற்றவாளி

வானம் சரியாக இருந்தும் பேச்சு அறுந்தால், அடுத்த சந்தேகம் வைஃபை மீது விழ வேண்டும். இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. மடிக்கணினியை ரவுட்டருடன் கேபிள் மூலம் நேரடியாக இணைத்து அரை மணி நேரம் பேசிப் பாருங்கள். கேபிளில் நன்றாக இருந்து கைப்பேசியில் அறுந்தால், கூரையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

தொடர்வரிசை வீடுகளில் ஒரு வரவேற்பறையிலிருந்தே அயலாரின் பத்துப் பன்னிரண்டு வைஃபை இணைப்புகள் தெரிவது சாதாரணம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே: 1, 6, 11. எல்லோரும் அவற்றுக்குள் நெருக்கப்படுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் நெரிசல் குறைந்தது, ஆனால் பழைய செங்கல் சுவரைத் தாண்டச் சிரமப்படும். பின்னால் நீட்டிக் கட்டப்பட்ட சமையலறைச் சுவரில் உலோகத்தாள் பூசிய வெப்பக்காப்புப் பலகை இருந்தால் அலை அங்கேயே நின்றுவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் மூலையிலேயே ரவுட்டரை வைக்கும் பழக்கம்தான் பெரும் கேடு. பெட்டியுடன் வரும் கேபிள் 15 மீட்டர் நீளமானது. அதை வீட்டின் நடுப்பகுதி வரை கொண்டுவருவது ஒரு நாள் வேலை, ஆனால் ஒரு முறை செய்தால் போதும். கேபிள் சுவருக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அதன் வழியே உள்ளே வராது.

மேலேற்றும் பாதையின் நெருக்கடி அதிகம் பேசப்படுவதில்லை. செய்மதி இணைப்பில் தரவிறக்கும் வேகத்தை விட மேலேற்றும் வேகம் மிகக் குறைவு. பத்து, இருபது மெகாபிட் என்பதே வழக்கம். கோயில் திருவிழாவின் வீடியோக்களைக் கைப்பேசி தானாகவே இணையச் சேமிப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் போது, அதே வீட்டிலிருந்து பேசுபவரின் குரல் அந்த வரிசையின் பின்னால் காத்து நிற்கிறது. அவருக்கு மறுமுனை நன்றாகக் கேட்கும், மறுமுனைக்கு அவர் கேட்கமாட்டார். இந்த ஒருபக்கக் குறையே அடையாளம். தானியங்கிச் சேமிப்பை இரவுக்கு மாற்றுவதும், உரையாடலுக்கு முன்னுரிமை தரும் ரவுட்டர் ஒன்றைப் பயன்படுத்துவதும் இதைத் தீர்க்கும்.

வீட்டுக் கண்காணிப்பு கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை என்பது வேறொரு குறை. இங்கே பழுது எதுவும் இல்லை. ஒரே பொது இணைய முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்வதால், வெளியிலிருந்து நேரடியாக வீட்டுக்குள் நுழைய வழி இல்லை. உற்பத்தியாளரின் சேவையகம் வழியாக இயங்கும் கேமராக்களுக்கு இந்தச் சிக்கல் வராது.

மறுமுனையில் மழை

எல்லாவற்றையும் திருத்திய பின்னரும் எஞ்சுவது மறுமுனை. லண்டனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் சுமார் 8,500 கிலோமீட்டர். கண்ணாடியிழையில் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்வதால், நேர்கோட்டில் கேபிள் இருந்தாலும் போய்வர 85 மில்லி வினாடி ஆகும். உண்மையான பாதை கடலையும் கரையையும் சுற்றிச் செல்வதால் இதைவிடக் கூடுதலாகவே ஆகிறது. எட்மண்டனில் பலகையை எவ்வளவு திருத்தினாலும் இந்தத் தூரம் குறையாது.

இலங்கையில் ஸ்டார்லிங்க் சேவை 2025 ஜூலையில் தொடங்கியது. இந்தியாவில் அந்த நிறுவனத்துக்கு 2025 ஜூனில் உரிமம் வழங்கப்பட்டது. இரு முனையிலும் செய்மதி இருக்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது பருவமழை. இந்தச் சேவை பயன்படுத்தும் அலைகளைக் கடும் மழை வலுவிழக்கச் செய்கிறது. லண்டனின் தூறல் ஒரு பொருட்டல்ல. வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பர் பிற்பகல் அப்படியல்ல. குளிர்காலத்தில் லண்டனில் சனிக்கிழமை காலை 9 மணி என்பது யாழ்ப்பாணத்தில் பிற்பகல் இரண்டரை மணி. வார இறுதியில் ஊருக்குப் பேசும் வழக்கமான நேரமும் அங்கே மழை வலுக்கக்கூடிய நேரமும் ஒன்றாக அமைந்துவிடலாம்.

சில நாட்களில் பழுது எந்தக் கூரையிலும் இராது. 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யா யுக்ரெய்னுக்குள் படை நடத்திய நாளில், காசாட் செய்மதிச் சேவையின் மீதான கணினித் தாக்குதலால் ஐரோப்பாவில் பல்லாயிரக்கணக்கான வீட்டு மோடம்கள் செயலிழந்தன. 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் சேவையே மென்பொருள் கோளாறினால் உலகெங்கும் சுமார் இரண்டரை மணி நேரம் நின்றது. அத்தகைய நேரத்தில் கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பவர், கோளாறு நீங்கிய பின் தனது அமைப்புகளை எல்லாம் மீண்டும் செய்யவேண்டிவரும்.

எட்மண்டனில் இது தேவையா?

பல தெருக்களில் தேவை இல்லை என்பதே நேர்மையான பதில். செய்மதி இணையம் கண்ணாடியிழை எட்டாத கிராமங்களுக்கும் தீவுகளுக்கும் உரியது. தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்கொம்மின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால், அந்த முகவரிக்குக் கண்ணாடியிழை வந்துள்ளதா என்று தெரிந்துவிடும். வந்திருந்தால் அதுவே மலிவும் உறுதியும் ஆகும். நகரில் ஒரு பகுதிக்கான செய்மதிக் கொள்ளளவு வரையறுக்கப்பட்டது என்பதால் மாலை நேரத்தில் வேகம் சரிவதும் உண்டு. மின்செலவும் சேரும்: தொடர்ந்து 75 வாட் இழுக்கும் கருவி ஆண்டுக்கு 657 அலகு மின்சாரம் பயன்படுத்தும். ஓர் அலகு 25 பென்ஸ் என்று கொண்டால் ஏறத்தாழ 164 பவுண்ட்.

வேலைக்காக இணையம் ஒரு மணி நேரமும் நிற்கக்கூடாது என்பவர்களுக்கு இரண்டாவது இணைப்பாக இது பயன்படலாம். ஆனால் இதை ஒரே இணைப்பாக்கி, பழைய தொலைபேசி இணைப்பை ரத்துச் செய்ய எண்ணுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரித்தானியாவின் செப்புக்கம்பித் தொலைபேசிச் சேவை 2027 ஜனவரி இறுதிக்குள் முற்றாக நிறுத்தப்படவுள்ளது. இணையம் வழித் தொலைபேசிக்கு மாற்றப்படும் வாடிக்கையாளர்களில் அதையே நம்பியிருப்பவர்களுக்கு, மின்தடையின் போதும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு கிடைக்கத் தொலைபேசி நிறுவனம் வழி செய்ய வேண்டும் என்பது விதி. தொலைபேசி இணைப்பையே விட்டுவிட்டவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. மின்சாரம் நின்றால் கூரைப் பலகையும் நின்றுவிடும். கழுத்தில் அவசர அழைப்புப் பொத்தான் அணிந்த முதியவர் வாழும் வீடாக இருந்தால், சுவரில் துளையிடுவதற்கு முன்பே அந்தப் பொத்தானை வழங்கிய நிறுவனத்துடன் பேசி, அது எந்த இணைப்பின் வழியே இயங்குகிறது என்று கேட்டறிந்து, மின்கலச் சேமிப்புப் பெட்டி ஒன்றையும் வாங்கி வைக்க வேண்டும்.