மூடி தட்டான கதை

சிட்னி லிவர்பூல் வீதியில் ஜோர்ஜ் வீதிக்கும் கென்ட் வீதிக்கும் இடைப்பட்ட பகுதி ஸ்பானியர் வட்டாரம் என்று பெயர் பெற்றது. சிட்னியின் மேற்குப் புறநகரான கிரவீனில் வாழும் ஒருவர் டூங்காபியில் ரயிலேறி டவுன் ஹோலில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அங்கே சிற்றுணவுக்கு வழங்கும் ‘தாப்பாஸ்’ என்ற சொல் தமிழ்க் காதைச் சற்று ஏமாற்றும். நம் பேச்சுவழக்கில் ‘தாப்பா’ கதவுத் தாழ்ப்பாள். ஸ்பானிய மொழியில் ‘தாப்பா’ மூடி. இரண்டும் அடைப்பவைதான், ஆனால் உறவில்லை. நம்முடையது ‘தாழ்’ என்ற சொல்லில் பிறந்து ழகரம் தேய்ந்தது. அவர்களுடையது ஜெர்மானிய மூலத்தது என்று கருதப்படுகிறது. பீப்பாய் அடைப்பைக் குறித்த ஆங்கில ‘டாப்’ அதன் இனம். பஞ்சாபித் ‘தாபா’வும் வேறு சொல்லே.

மூடி எப்படி உணவாயிற்று? அந்தலூசிய மதுக்கடைகளில் ஈயும் தூசும் விழாதபடி வைன் கிண்ணத்தை ரொட்டித் துண்டாலோ இறைச்சிச் சீவலாலோ மூடினார்கள் என்பது பரவலான விளக்கம். பத்தாம் அல்போன்சோ முதல் பதின்மூன்றாம் அல்போன்சோ வரை மன்னர்களை இழுத்துவிட்ட கதைகளுக்குச் சான்றில்லை. ஸ்பானிய அரச கழக அகராதியில் சிற்றுணவு என்ற பொருள் ஏறியது 1930களில்தான். கிரனாடாவில் இன்றும் பானம் வாங்கினால் தாப்பா இலவசமாக வரும். கடைக்குக் கடை நடந்து கொறிப்பதற்கென்றே ‘தாப்பேயார்’ என்ற வினையும் உண்டு.

1958இல் கரும்பு வெட்டும் வேலைக்காகக் குவீன்ஸ்லாந்துக்கு ஸ்பானியரை அழைத்த திட்டத்துக்கு ‘கங்காரு நடவடிக்கை’ என்று பெயர். அந்தக் குடியேற்றத்தின் வளர்ச்சியில் சிட்னியின் ஸ்பானியச் சங்கமும் உணவகங்களும் லிவர்பூல் வீதியில் அமைந்தன. மெல்பேர்ணில் ஃபிராங்க் கமோராவின் ‘மோவீடா’ உணவகம், ஒருவருக்கு ஒரு வாய் என்றால் ‘தாப்பா’, பகிர்ந்துண்ணும் தட்டென்றால் ‘ரசியோன்’ என்று பிரித்தே விற்றது. சிட்னியின் பொதுவழக்கு அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. எந்த நாட்டு உணவானாலும், நடுவில் வைத்துப் பகிரும் சிறுதட்டு என்றால் இப்போது தாப்பாஸ்தான். மூடி போயிற்று, நடை போயிற்று, பல இடங்களில் மதுவும் போயிற்று.

கிரவீன் வீட்டு விருந்துகளில் ரோல்ஸ், கட்லட், பட்டிஸ் ஆகியவற்றுக்கு இலங்கைத் தமிழர் வழங்கும் பெயர் ‘ஷோர்ட் ஈட்ஸ்’. ஊர்த் தேநீர்க் கடையில் தட்டு நிறைய வைத்துவிட்டு, தின்றதை மட்டும் எண்ணிக் காசு வாங்குவார்கள். ஸ்பெயினின் பாஸ்க் மதுக்கடைகளில் எண்ணுவது உணவில் செருகிய பல்குத்தும் குச்சியை. வழக்கம் இவ்வளவு ஒத்தாலும் பெயரிட்ட முறை வேறு: ஷோர்ட் ஈட்ஸ் அளவால் பெற்ற பெயர்; தாப்பா இருந்த இடத்தால் பெற்றது. சிட்னி வழக்கில் இடம் மறைந்து அளவு மட்டும் எஞ்சியதால்தான் இரண்டும் இன்று ஒரே பொருளுக்கு இரு பெயர்போலத் தோன்றுகின்றன.