சுர்க்கிச் சாந்தும் கொயினாவும்

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் நேயர்களுள் தேனி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்தவர் பலர் இருப்பர். விடுமுறைக்கு ஊர் வரும்போது கம்பத்தையும் கூடலூரையும் கடந்து லோயர் கேம்ப் வரை சென்றவர்கள், மலைச்சரிவில் இறங்கும் பெருங்குழாய்களைக் கண்டிருப்பார்கள். மேற்கே ஓடிக் கடலில் கலக்க வேண்டிய பெரியாற்று நீர் கிழக்கே திரும்பி இறங்கும் வழி அது. மலையேறிக் குமுளியை அடைந்தால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. அங்கே காட்டின் நடுவே நிற்கிறது முல்லைப் பெரியாறு அணை.

ரசாயனம், உயிரியல், மருத்துவம், கட்டுமானப் பொருள்கள் ஆகிய துறைகளில் புதிய ஆராய்ச்சி ஒன்று வெளிவந்ததென்று செய்தி வரும்போதெல்லாம், அது எங்கோ தொலைதூரத்துச் சோதனைச் சாலையில் நிகழ்வதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் இந்நான்கு துறைகளின் வரலாறும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கும் களமாக இவ்வணையைச் சொல்லலாம். அணையைப் பற்றிய வழக்கும் வாதமும் நேயர்கள் செய்தித்தாள்களில் நெடுநாள் படித்தவை. அவற்றுக்குள் நாம் இன்று புகவில்லை. கல்லையும் காய்ச்சலையும் பற்றியே பேசப் போகிறோம்.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சமஸ்தானத்து அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை இதற்கு வழி தேடினார், பொருள் கூடவில்லை. 1808-இல் கேப்டன் கால்டுவெல் என்பவர் மலையை அளந்து பார்த்து, இது வெறுங் கற்பனை என்று அறிக்கை எழுதிவிட்டார். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையை வாட்டியெடுத்த பிறகே சென்னை சர்க்கார் மீண்டும் விழித்துக்கொண்டது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூருடன் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1887-இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். திட்டத்தை நடத்தியவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். கடல் மட்டத்திற்குச் சுமார் 3,000 அடி உயரத்தில், சாலையற்ற வனத்தில், ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி உயரம் எழும்பிய அணை அது. மலையைக் குடைந்த சுரங்கம் ஒன்றே 5,700 அடிக்கு மேல்.

இத்தனை பெரிய அணையைச் சிமெண்டு இல்லாமல் கட்டினார்கள் என்பதை இன்று பலர் நம்புவதில்லை. சிமெண்டு அந்நாளில் கப்பலேறி வரவேண்டிய பண்டம். நம் நாட்டில் முதன்முதலாகச் சென்னையில் அதைச் செய்து பார்த்ததே 1904-இல்தான். ஆகவே அணையின் முகப்புக் கற்கட்டுக்கும் உட்புறத்துக் காங்கிரீட்டுக்கும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தே பயன்பட்டது. சுர்க்கி என்பது வேறொன்றுமில்லை. சுட்ட களிமண்ணை இடித்த பொடி.

வெறும் சுண்ணாம்பு போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். போதாது. அதன் காரணம் அழகானது. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுமார் 900 பாகை வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. எஞ்சிய நீற்றுக்கு நீர் வார்த்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மறுபடி கல்லாகிறது. வீட்டுச் சுவருக்கு அது சரி. சுவரின் மேற்பரப்பில் காற்றுப் படும். நூறடிக்கு மேல் கனம் கொண்ட அணையின் நெஞ்சுக்குள் காற்று எப்படிப் புகும்? அங்கே வைத்த சுண்ணாம்பு நூறாண்டு ஆனாலும் வெண்ணெய் போலவே இருக்கும். காற்றின் துணையின்றி, நீருக்குள்ளேயே இறுகும் சாந்து வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது சுர்க்கி. களிமண்ணை ஏறத்தாழ 600 முதல் 800 பாகை வரை சுடும்போது, அதன் கட்டமைப்பில் பிணைந்திருந்த நீர் விலகுகிறது; அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் அமைதி குலைந்து, எதனோடாவது சேரத் துடிக்கும் நிலையை அடைகின்றன. ஈரச் சுண்ணாம்பு கிட்டியதும் அதனோடு கூடி, கால்சியம் சிலிக்கேட் என்னும் கூழாக மாறிக் கல்போல் இறுகுகின்றன. சூடு குறைந்தால் மண் மண்ணாகவே இருக்கும். மிகுந்தால் கண்ணாடிபோல் உருகிச் செயலற்றுப் போகும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள பதத்தைச் சூளைக்காரர் வெப்பமானி கொண்டு அறியவில்லை. செங்கல்லின் நிறமும் தட்டினால் எழும் ஓசையுமே அவருக்குச் சாஸ்திரம். ரோமர்கள் எரிமலைச் சாம்பலைக் கலந்து பெற்ற பயனை நம்மவர் சூளைச் செங்கல்லில் பெற்றனர். கிருஷ்ணராஜ சாகரமும் துங்கபத்திரை அணையும் பின்னாளில் இந்தச் சாந்தையே நம்பி எழுந்தன.

குறையும் சொல்லியாக வேண்டும். சுர்க்கியோடு சேராமல் எஞ்சும் சுண்ணாம்பு, கசியும் நீரில் கரைந்து வெளியேறும். பெரியாற்று அணையிலும் சுண்ணாம்பு இவ்வாறு கரைந்து வருவது கணக்கெடுக்கப்பட்ட செய்தி. 1930-களில் அணையில் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினார்கள். 1979-இல் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டு, உச்சியில் காங்கிரீட்டுக் கவசம், பாறையோடு பிணைக்கும் எஃகு வடங்கள், பின்புறத்தில் காங்கிரீட்டு அணைப்பு என்று வலுப்படுத்தும் வேலைகள் தொடர்ந்தன. 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

இதற்குள் உலகமே சிமெண்டுக்கு மாறிவிட்டது. நமது எல்லைப்புறத்தையே பாருங்கள். இதே மலைத்தொடரில் வடக்கே சென்றால் பாலக்காட்டுக் கணவாய். கணவாயின் தமிழகப் பக்கத்தில் மதுக்கரையில் 1934 முதல் சிமெண்டு ஆலை. கேரளப் பக்கத்தில் வாளையாறில் 1984 முதல் மலபார் சிமெண்ட்ஸ். ரயிலில் அவ்வழியே சென்ற நேயர்கள் இரண்டின் புகைபோக்கிகளையும் அறிவர். அங்கே சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் 1,450 பாகை வெப்பத்தில் ஒன்றாக வேகின்றன. சுர்க்கிக்கு வேண்டிய சூட்டைப்போல் ஏறக்குறைய இருமடங்கு! எரிபொருளின் புகையும், கல்லிலிருந்தே வெளியேறும் கரியமில வாயுவும் சேர்ந்து, உலகில் மனிதன் வெளியிடும் அவ்வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டுத் தொழிலைச் சார்ந்தது என்கிறார்கள்.

இவ்விடத்தில்தான் ஆராய்ச்சி ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய சூளைக்கு வந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துப் பேராசிரியை காரென் ஸ்கிரிவெனர், கியூபா நாட்டு அறிஞர் மார்ட்டிரெனா ஆகியோருடன் தில்லி, மும்பை, சென்னை ஐ.ஐ.டி.க்களின் ஆய்வாளர்களும் கூடி ஒரு புதுவகைச் சிமெண்டை உருவாக்கினர். எல்.சி.3 என்பது அதன் சுருக்கப் பெயர். அதில் வழக்கமான சிமெண்டுக் கட்டி பாதியே, 30 பங்கு சுட்ட களிமண், 15 பங்கு சுடாத சுண்ணாம்புக் கல்லின் பொடி, மீதி ஜிப்சம். வெளியேறும் கரியமில வாயு நூற்றுக்கு 30 முதல் 40 வரை குறைகிறது. இத்தகைய சிமெண்டுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் தர விதி வகுத்தது. சுட்ட களிமண் என்னும் பெயரில் உள்ளே நுழைந்திருப்பது நம் சுர்க்கியின் உறவினர்தான் என்பதை எந்தக் கொத்தனாரும் கண்டுகொள்வார். புதியது இல்லையா என்றால், புதியதுதான். எந்தக் களிமண், எவ்வளவு சூடு, சுண்ணாம்புப் பொடி அதனோடு எவ்வாறு வினைபுரிகிறது என்பதெல்லாம் இன்று அணு அளவில் தெரியும். சூளைக்காரருக்குக் கைக்குத் தெரிந்தது, வாய்க்குத் தெரியாது.

உயிரியலும் இத்துறைக்குள் புகுந்துவிட்டது. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் ஹெங்க் யோங்கர்ஸ் என்பவர் காங்கிரீட்டுக்குள் ஒருவகைப் பாக்டீரியாக்களை உறங்க வைத்தார். விரிசலில் நீர் புகுந்ததும் அவை விழித்துச் சுண்ணாம்புக் கல்லை விளைவித்து விரிசலை அடைக்கின்றன. சுண்ணாம்பில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்க வைத்த நம் பாட்டன்மார் இதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்களோ! அவ்வாறு புளிக்கும் சாந்தில் நுண்ணுயிர்களின் பங்கு என்ன என்பதும் இப்போது நம் நாட்டில் ஆராயப்படுகிறது.

இனி, காய்ச்சல்.

அணை கட்டச் சென்றவர்கள் சென்னைப் பயனியர் படையின் முதலாம், நான்காம் பட்டாளத்தாரும், கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும், கீழ்நாட்டிலிருந்து மலையேறிய கூலித் தொழிலாளரும். தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துச் சென்ற கதை பலரும் அறிந்தது. வெள்ளத்தைவிடக் கொடியது முறைக்காய்ச்சல். கட்டுமானக் காலத்தில் நோயால் மாண்டவர் 483 பேர் என்பது ஏட்டுக் கணக்கு. அணைக்கு வடக்கே அவர்களைப் புதைத்த இடுகாடு இருக்கிறது. காய்ச்சலோடு மலையிறங்கி ஊரில் போய் இறந்தவரை இத்தகைய கணக்கு அறியாது.

அன்று மருத்துவம் அறிந்தது என்ன? மருந்து தெரியும். சின்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினாவைப் பெல்லட்டியேயும் காவந்தூவும் பாரிசில் 1820-லேயே பிரித்தெடுத்துவிட்டனர். 1860-களில் நீலகிரியில் சர்க்காரே சின்கோனாத் தோட்டம் போட்டது. வால்பாறை அருகே சின்கோனா என்ற பெயரிலேயே ஊர் இருக்கிறது. மூணாறுப் பக்கத்தில் முதலில் குடியேறிய தோட்டக்காரர்களும் தேயிலைக்கு முன்பு சின்கோனாவைத்தான் பயிரிட்டுப் பார்த்தனர். நோய்க்கிருமியும் தெரியும், 1880-இல் அல்ஜீரியாவில் லாவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் அதைக் கண்டார். ஆனால் அக்கிருமி ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு எப்படிச் செல்கிறது என்பது மட்டும் தெரியாது. மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்று பொருள். காட்டின் ஆவியே காய்ச்சலைத் தருகிறது என்று நம்பியவர்கள் நீர் தேங்கிய குழிகளையும், குடிசை ஓரத்து ஓடைகளையும் அப்படியே விட்டனர். சாராயம் காய்ச்சலுக்குக் காப்பு என்று நம்பியவர்களும் உண்டு.

அணை முடிந்த அதே 1895-இல், லண்டனிலிருந்து இந்தியா திரும்பினார் ரொனால்டு ராஸ் என்ற இராணுவ மருத்துவர். 1897-இல் நீலகிரியின் அடிவாரத்துச் சீகூர் மலைப்பாதையில் ஆராயச் சென்று, தாமே மலேரியாவில் விழுந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 20-இல் செகந்திராபாத்தில், நோயாளியைக் கடித்த அனோபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். அணை திறந்து இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. சுண்ணாம்பின் இரகசியத்தைக் கை அறிந்திருந்தது, ஏடு பின்னால் வந்தது. காய்ச்சலின் இரகசியத்தைக் கையும் அறியவில்லை, ஏடும் அறியவில்லை. ஒரு கொசுவலையும் ஒரு மண்வெட்டியும் செய்யக்கூடிய காரியத்தை அறியாமல் அத்தனை பேர் மாண்டனர் என்று எண்ணும்போது மனம் ஆறுவதில்லை.

கண்டுபிடித்தவுடன் காய்ச்சல் நின்றுவிடவும் இல்லை. இம்மலைகளின் தெளிந்த ஓடைகளிலேயே வளரும் கொசுவகை உண்டு. ஏலக்காட்டிலும் தேயிலை லயன்களிலும் இன்னும் அரை நூற்றாண்டு அது ஆட்சி செய்தது. டி.டி.டி. வந்து, 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, நாடெங்கும் ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேர் நோயுற்றனர் என்று மதிப்பிட்டார்கள். 1965-இல் அது ஒரு லட்சமாக விழுந்தது. வெற்றி என்று கண்ணயர்ந்தோம். கொசு மருந்துக்குப் பழகிக்கொண்டது. 1976-இல் 64 லட்சம் பேருக்குக் காய்ச்சல்.

அதன்பின் வந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். சீனத்து அம்மையார் தூ யூயூ மாசிப்பத்திரி இனத்துச் செடியொன்றிலிருந்து 1972-இல் பிரித்த ஆர்டிமிசினின் இன்று முதல் வரிசை மருந்து; 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மலேரியாவில் ஒருவகைக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் பதுங்கி மீண்டும் எழும் என்பதும் தெளிவாயிற்று. ஊர் திரும்பிய கூலியாளைச் சில மாதம் கழித்துக் காய்ச்சல் மறுபடி பற்றியதன் காரணம் அதுவே. தடுப்பூசியும் வந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் உருவாக்கிய ஆர்.21 என்பதை 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுப் பரிந்துரைத்தது. அது தயாராவது புணேயில். அந்நகரில் வாழும் நம் நேயர்கள் அத்தொழிற்சாலையின் பெயரை அறிந்தே இருப்பர்.

இன்று இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கம்பத்திலிருந்து ஜீப்பில் காலையில் ஏறி மாலையில் இறங்கும் தமிழ்ப் பெண்களோடு, ஜார்க்கண்டு, ஒடிசா, அஸ்ஸாம் மாநிலத்தாரும் வேலைக்கு வருகின்றனர். நம் நேயர்களைப்போலவே ஊர்விட்டு ஊர் பிழைக்க வந்தவர்கள். கேரளத்தில் இப்போது தென்படும் மலேரியாவில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவோரிடம் காணப்படுவதால், சுகாதாரப் பணியாளர் அவர்களைத் தேடிச் சென்று விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுக்கின்றனர். தீப்பெட்டி அளவுள்ள பட்டையில் அத்துளியை இட்டால், கால் மணி நேரத்தில் ஒரு சிவப்புக் கோடு விடை சொல்லிவிடுகிறது.